இதயமும் ஈரலும் சேர்ந்து தளர்ந்தவருக்கு உடல்நீரை இறக்குவது: முழுமையான வழிகாட்டி

காலை அமுக்கினால் குழி விழுகிறது. வயிறு பானை மாதிரி உப்பியிருக்கிறது. கண்ணில் லேசான மஞ்சள். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இப்படி ஒருவர் கிளினிக்குக்கு வந்தால், கூட வந்த உறவுக்காரர்கள் அங்கேயே இரண்டு கட்சியாகிவிடுவார்கள். "எல்லாம் கள்ளு செஞ்ச வேலை, ஈரல் போச்சு" என்பது ஒரு கட்சி. "அண்ணனுக்கு ஹார்ட்டு வீக்கு, அதான் தண்ணி ஏறுது" என்பது இன்னொன்று. கோப்பைப் புரட்டினால் இரண்டுமே எழுதியிருக்கும்.

இரண்டும் உண்மையாக இருக்கும்போதுதான் வைத்தியம் சிக்கலாகிறது. இதயம் தேக்கிய நீரைத் தயங்காமல் இறக்க வேண்டும். சுருங்கிப்போன ஈரல் தேக்கிய நீரை அதே வேகத்தில் இறக்கினால் சிறுநீரகம் படுத்துவிடும், புத்தி தடுமாறும். இதற்கு நேர்மாறான தவறும் அடிக்கடி நடக்கிறது. இரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் ஏறியிருப்பதைப் பார்த்துப் பயந்து நீர் மாத்திரையைக் குறைத்துவிடுகிறார்கள். நீர் தேங்கியதாலேயே வீங்கிய ஈரல் அது. நீர் இறங்கினால்தான் அதுவும் தேறும். ஆகவே மருந்தைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: இது யார் தேக்கிய நீர்?

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும், கிளினிக் தாதியர், மருத்துவ உதவியாளர்களுக்கும், வார்டுக்குப் புதிதாக வந்த இளம் மருத்துவர்களுக்கும் எழுதப்பட்டது இது. வார்டில் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று விளங்கவே மருந்தளவுகளைச் சொல்கிறோம். வீட்டில் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

வழிகாட்டியை மூடிவிட்டு 999-ஐ அழைக்க வேண்டிய நேரம்

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, நுரையாகச் சளி வருவது, நெஞ்சு வலி, மயக்கம். இரத்த வாந்தி அல்லது தார் போன்ற கறுப்பு மலம். பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்துப் பேச்சு குழறுவது. காய்ச்சலோடு வயிற்று வலி. பாதி நாளாகச் சிறுநீரே இறங்காதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 1: யார் தேக்கிய நீர்?

முதலில் வீக்கம் எந்த வரிசையில் வந்தது என்று கேளுங்கள். இதயம் தளர்ந்தவருக்குப் பெரும்பாலும் முதலில் நடந்தால் மூச்சு வாங்கும், தலையணை ஒன்று இரண்டாகும், கணுக்கால் வீங்கும், வயிறு கடைசியில். ஈரல் சுருங்கியவருக்கு வயிறு முதலில் உப்பும், கால் பிறகு. விதிவிலக்கு உண்டு. காசநோய்க்குப் பிறகு இதய உறை தடித்து இறுகிப்போனவருக்கும், இதயத்தின் வலப்பக்க வால்வு மோசமாகக் கசிகிறவருக்கும் கால் வீக்கத்தை விட வயிறே பெரிதாகத் தெரியலாம். கள்ளு குடித்தவர் என்ற ஒரே காரணத்தால் இவர்களை ஈரல் நோயாளி என்று முத்திரை குத்தி, எக்கோ (இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் ஸ்கேன்) எடுக்காமலே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது நடக்கிறது. வயிற்றில் நீர் கோத்த எவருக்கும் ஒரு தடவையாவது எக்கோ எடுத்தாக வேண்டும்.

அடுத்தது கழுத்து. காசு கேட்காத பரிசோதனை இது, ஆனால் அவசரத்தில் முதலில் தவறவிடப்படுவதும் இதுதான். நோயாளியை 45 பாகை சாய்த்துப் படுக்க வைத்து, தலையை லேசாக இடப்பக்கம் திருப்பி, வலப்பக்கக் கழுத்து நரம்பு எவ்வளவு உயரம் துடிக்கிறது என்று பாருங்கள். பிறகு வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து 10 முதல் 15 வினாடி நிதானமாக அழுத்துங்கள். துடிப்பு மேலே ஏறி, அழுத்தியிருக்கும் வரை இறங்காமல் நின்றால் இதயம்தான் நீரைத் தேக்குகிறது. வெறும் ஈரல் சுருக்கத்தில் கழுத்து நரம்பு பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். ஒன்று கவனம்: வயிறு கல் போல் இறுகியிருந்தால் அதுவே உதரவிதானத்தை மேலே தள்ளி நரம்பை உயர்த்திக் காட்டும். அப்போது வயிற்று நீரைக் கொஞ்சம் வடித்த பிறகு மறுபடி பாருங்கள்.

ஈரலைத் தொட்டால் பெரிதாக, வலியோடு இருந்தால் நீர்த்தேக்கம். ஈரல் கைக்கு எட்டாமல் மண்ணீரல் பெருத்து, உள்ளங்கை சிவந்து, மார்பில் சிலந்திக் கால் போன்ற சிவப்பு நரம்புகள் தெரிந்தால் ஈரல் சுருக்கம். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

ஈரல் எண்களைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. நீர் தேங்கி வீங்கிய ஈரலில் மஞ்சள் நிறமியான பிலிருபின் கொஞ்சமாக ஏறும், பெரும்பாலும் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்குள் நிற்கும். பித்தக் குழாயின் நொதிகளான அல்கலைன் பாஸ்ஃபட்டேசும் காமா ஜிடியும் கூடும். ஈரல் செல்லின் நொதிகளான ஏஎல்டி, ஏஎஸ்டி அதிகம் எகிறாது. அந்த இரண்டும் திடீரென்று ஆயிரக்கணக்கில் போனால் விஷயம் வேறு. ஈரலுக்குப் போகும் இரத்த ஓட்டமே சரிந்திருக்கிறது. இரத்த அழுத்தத்தைப் பாருங்கள், கை கால் சில்லிட்டிருக்கிறதா பாருங்கள். கூடவே பனடோல் (பாரசிட்டமால்) அளவு மீறி விழுங்கினாரா என்று கேட்டு, ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் இரத்தம் அனுப்புங்கள். இரத்த ஓட்டம் மட்டுமே காரணம் என்றால், அதைச் சரிசெய்த சில நாளிலேயே எண்கள் கிடுகிடுவென இறங்கும்.

இன்னும் தெளியவில்லையென்றால் வயிற்று நீரை ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பதே நேர்வழி. அதே நாளில் இரத்த ஆல்புமினும் (ஈரல் செய்யும் ஒரு புரதம்) வேண்டும். இரத்த ஆல்புமினிலிருந்து வயிற்று நீர் ஆல்புமினைக் கழித்தால் இரண்டு நோயிலுமே லிட்டருக்கு 11 கிராமோ அதற்கு மேலோ வரும். பிரித்துக் காட்டுவது மொத்தப் புரதம்: லிட்டருக்கு 25 கிராமுக்கு மேல் என்றால் இதயத்தின் பக்கம், கீழே என்றால் ஈரல் சுருக்கத்தின் பக்கம். அதே குப்பியில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை கன மில்லிமீட்டருக்கு 250-ஐத் தொட்டால் வயிற்று நீரில் கிருமி புகுந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அன்றே நுண்ணுயிர்க்கொல்லி தொடங்க வேண்டும். இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் கூடியிருக்கிறது என்பதற்காக இந்தச் சின்ன ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

படி 2: அளந்து எழுதுவது

சிகிச்சையில் பாதி இதுதான். எடைத் தராசைச் சிமெண்டுத் தரையில் வையுங்கள். பாயிலோ ரப்பர் விரிப்பிலோ வைத்தால் எண் பொய் சொல்லும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, பசியாறும் முன், அதே கைலியோடு ஏறி நிற்க வேண்டும். தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவை அளங்கள். கணுக்காலுக்கு மேல் விரலால் 5 வினாடி அழுத்தி, குழி எதுவரை விழுகிறது என்று பாருங்கள்: கணுக்காலா, முழங்காலா, தொடையா. நோட்டில் தேதி, எடை, சுற்றளவு, குழி, மாத்திரை, குறிப்பு என்று ஆறு கட்டம் போதும்.

கட்டங்களை நோயாளியையே நிரப்பச் சொல்லுங்கள், கையெழுத்தும் போடச் சொல்லுங்கள். எடையை அறிய மட்டுமல்ல இது. ஈரல் கழிவு மூளைக்கு ஏறத் தொடங்கும்போது பேச்சு குழறுவதற்கு முன்பே எழுத்து கோணலாகும். நேற்றைய வரியோடு இன்றைய வரியை ஒப்பிட்டால் வீட்டில் இருப்பவருக்கே தெரிந்துவிடும்.

ஓரிரு நாளில் கூடும் 1 கிலோ ஏறக்குறைய 1 லிட்டர் நீர். மாதக்கணக்கில் இந்தக் கணக்கு ஏமாற்றும். தோளிலும் தொடையிலும் சதை உருகிக்கொண்டே நீர் ஏறினால் தராசு அசையாது. ஆகவே நீர் முழுக்க இறங்கிய நாளின் எடையை, அதாவது வறண்ட எடையை, சில மாதத்துக்கு ஒரு தடவை மருத்துவர் புதிதாக நிர்ணயிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்தைய எண்ணைக் கட்டிக்கொண்டு அழக் கூடாது.

படி 3: வார்டில் ஃபுரோசமைடு

கிளினிக்கில் 'உபாட் கென்சிங்' (மலாயில் சிறுநீர் மருந்து) என்று சொல்லித் தரும் 40 மி.கி. மாத்திரைதான் இது. லேசிக்ஸ் என்ற பழைய வணிகப் பெயரே 'ஆறு மணி நேரம் நீடிக்கும்' என்ற ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி வைத்தது என்பார்கள். மாத்திரையாக விழுங்கினால் வேலை அவ்வளவு நேரம்தான். ஊசியாகப் போட்டால் அரை மணியில் உச்சம், சுமார் 2 மணியில் முடிந்துவிடும்.

வீட்டில் விழுங்கிய மாத்திரை ஏன் திடீரென்று வேலை செய்யாமல் போகிறது? குடலும் வீங்கியிருக்கிறது. இந்த மருந்து சராசரியாகப் பாதிதான் உடலில் சேரும். சிலருக்குப் பத்தில் ஒரு பங்குதான் சேரும். இன்னொரு காரணம், இதற்கு ஒரு வாசல்படி இருக்கிறது. அந்த அளவைத் தாண்டினால்தான் சிறுநீரகம் திறக்கும். தாண்டாத அளவை எத்தனை தடவை கொடுத்தாலும் வீண். 40 மி.கி. வேலை செய்யாதவருக்கு அதையே காலை 20, மாலை 20 என்று பிய்த்துக் கொடுப்பதில் பயனில்லை. ஒரே வேளையில் 80 கொடுத்தால் வேலை செய்யலாம்.

இதயம்தான் தேக்குகிறது என்று படி 1-ல் தெரிந்தால் ஊசி. இதுவரை நீர் மாத்திரையே எடுக்காதவருக்கு 20 முதல் 40 மி.கி.யில் தொடக்கம். ஏற்கெனவே எடுப்பவருக்கு ஒரு நாள் மாத்திரை அளவின் 1 முதல் 2.5 மடங்கை ஊசியாகப் பிரித்துப் போடுவார்கள். காலை 40, மதியம் 40 விழுங்கியவர் என்றால் நாளுக்கு 80 முதல் 200 மி.கி. பெரிய அளவுகளை நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் வேகமாகச் செலுத்தக் கூடாது. காது இரைந்து, கேட்கும் திறனே போகலாம்.

போட்டுவிட்டு மறுநாள் வார்டு ரவுண்டு வரை காத்திருப்பது பழைய பழக்கம். அது வீணாகும் ஒரு நாள். 2 மணி நேரம் கழித்து ஒரு குப்பிச் சிறுநீரில் சோடியம் பாருங்கள். லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே என்றால் வாசல்படி தாண்டவில்லை. அந்தப் பரிசோதனை கிடைக்காத இடத்தில் முதல் 6 மணி நேரச் சிறுநீரை அளங்கள்: மணிக்கு 100 முதல் 150 மி.லி.யாவது வர வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த ஊசி இருமடங்கு. மறுபடி அளந்து மறுபடி இருமடங்கு என்று ஏறலாம். நாளுக்கு 400 முதல் 600 மி.கி. வரை போனதும் அதற்கு மேல் ஏற்றுவதில் லாபம் குறைவு.

அதற்குப் பிறகு சிறுநீரகக் குழாயின் இன்னொரு இடத்தில் வேலை செய்யும் மருந்தைச் சேர்ப்பார்கள், பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு 25 முதல் 50 மி.கி. இந்தக் கூட்டணி அடைத்த மடையைத் திறந்தது போல வேலை செய்யும், அதனாலேயே ஆபத்தானது. பொட்டாசியம், சோடியம், சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் தினமும் பார்க்க முடியாத இடத்தில் தொடங்கவே கூடாது.

இங்கே ஈரல் நோயாளிக்கென்று இரண்டு தடைகள். இதயச் செயலிழப்பில் அசெட்டசோலமைடு 500 மி.கி. ஊசியைச் சேர்த்தால் நீர் நன்றாக இறங்குகிறது என்று 2022-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதைப் படித்துவிட்டு ஆர்வமாக எழுதுகிறவர்கள் உண்டு. ஈரல் சுருங்கியவருக்கு அது வேண்டாம். சிறுநீரில் கழிய வேண்டிய அம்மோனியாவை இரத்தத்துக்கே திருப்பிவிடும், மூளை மங்கும். சோடியம் குறைவுக்குத் தரும் டொல்வாப்டனும் ஈரல் நோயாளிக்கு ஆகாது. அதுவே ஈரலைக் கெடுக்கும்.

படி 1-ல் ஈரல் சுருக்கமே முதன்மை என்று தெரிந்து, மூச்சுத் திணறலும் இல்லாவிட்டால் ஊசியில் ஆரம்பிக்காதீர்கள். ஊசி சிறுநீரகத்தின் வடிகட்டலைத் திடீரென்று சரிக்கக்கூடும். மாத்திரையே போதும், அதிலும் ஃபுரோசமைடு இரண்டாம் இடத்தில்தான்.

கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் என்ன செய்வது? எடை இறங்குகிறது, கால் வற்றுகிறது, ஆள் தெளிவாக இருக்கிறார் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பல சமயம் சிறுநீரகத்தை நெரிப்பதே தேங்கிய இரத்தத்தின் அழுத்தம்தான். எடை இறங்காமல் கிரியாட்டினின் ஏறி, கை கால் சில்லிட்டு, மேல் அழுத்தம் 90-க்குக் கீழே போனால் அது வேறு கதை. இதயம் போதுமான இரத்தத்தை அனுப்பவில்லை. நீர் மருந்தை மட்டும் கூட்டிப் பயனில்லை. இதயத்தை உந்தும் மருந்து வேண்டும். ஈப்போ பெரிய மருத்துவமனைக்குப் பேசி மாற்றுவதை அந்த நிமிடமே தொடங்குங்கள்.

படி 4: எவ்வளவு வேகம்?

நீர் எங்கே இருக்கிறதோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். நுரையீரலில் என்றால் சில மணி நேரத்துக்குள்ளேயே இறக்க வேண்டும். காலிலும் இடுப்பிலும் வீக்கம் இருக்கும்வரை நாளுக்கு 1 கிலோ இறங்கலாம். கழுத்து நரம்பு உயர்ந்திருக்கும் சுத்தமான இதய நோயாளிக்கு வார்டுக் கண்காணிப்பில் இன்னும் கூடுதலாகவும். கால் வற்றி வயிற்றில் மட்டும் நீர் எஞ்சியிருந்தால் நாளுக்கு அரை கிலோ, அதற்கு மேல் வேண்டாம். வயிற்று உறை ஒரு நாளில் இரத்தத்துக்குத் திருப்பித் தரக்கூடியது அரை லிட்டரைச் சுற்றித்தான். அதைவிட வேகமாகச் சிறுநீர் போனால் அந்த நீர் வயிற்றிலிருந்து வரவில்லை, இரத்தக் குழாயிலிருந்து வருகிறது. வயிறு அப்படியே இருக்க ஆள் மட்டும் வற்றுவார்.

"தண்ணி மாத்திரை குடுத்தும் வயிறு குறையலையே" என்று வீட்டார் கேட்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மாத்திரையைக் கூட்டுவது இங்கே பதில் அல்ல.

படி 5: ஸ்பைரோனோலாக்டோன்

உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டெரோன் என்ற சுரப்பு இதயம் தளர்ந்தவருக்கும் ஈரல் சுருங்கியவருக்கும் எகிறியிருக்கும். இந்த மாத்திரை அதைத் தடுக்கிறது. இரண்டு நோய்க்கும் பொதுவான நண்பன். அளவுதான் வேறு. இதயத்துக்கு 25 முதல் 50 மி.கி. ஈரல் சுருக்கத்து வயிற்று நீருக்கு 100 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 400 வரை. ஃபுரோசமைடைச் சேர்க்கும்போது 100-க்கு 40 என்ற விகிதம் பொட்டாசியத்தை நடுவில் நிறுத்த உதவும். இரண்டு நோயும் உள்ளவருக்கு 50-ல் ஆரம்பித்து, பொட்டாசியத்தைப் பார்த்தபடி ஏறுவது எங்கள் பரிந்துரை. வேலை தெரியச் சில நாள் ஆகும். இரண்டாம் நாளே "கேட்கவில்லை" என்று கூட்டாதீர்கள்.

தொடங்கிய முதல் வாரத்துக்குள் பொட்டாசியம் பார்க்க வேண்டும், அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் அப்படியே. லிட்டருக்கு 5.5 மில்லிமோலைத் தாண்டினால் அளவைப் பாதியாக்குவார்கள், 6-ஐத் தாண்டினால் நிறுத்துவார்கள். மறுபுறம் பொட்டாசியம் 3-க்குக் கீழே போனால் ஃபுரோசமைடை நிறுத்த வேண்டும். குறைந்த பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குழப்பும் என்பது பலருக்குத் தெரியும். சிறுநீரகத்தை அதிக அம்மோனியா உண்டாக்க வைத்து மூளையையும் மங்கச் செய்யும் என்பது ஈரல் நோயாளிக்குக் கூடுதல் ஆபத்து. 4-க்கும் 5-க்கும் நடுவில் வைத்திருப்பது நல்லது.

ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள், மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். கேட்டுவிடுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

படி 6: வயிற்று நீரை வடிப்பது

வயிறு இறுகி மூச்சை அடைத்தால், அல்லது அந்த இறுக்கமே சிறுநீரகத்தை நெரித்தால், ஊசிக் குழாய் வைத்து வடிப்பதே வேகமான நிவாரணம். பொதுவாக இடப்பக்கக் கீழ்வயிற்றில், ஸ்கேன் பார்த்து வைப்பார்கள். ஈரல் சுருக்கத்தில் 5 லிட்டருக்கு மேல் வடித்தால் வடித்த ஒவ்வொரு லிட்டருக்கும் 8 கிராம் ஆல்புமின் ஏற்ற வேண்டும். 6 லிட்டர் என்றால் 48 கிராம். 20 சதவீத ஆல்புமின் 100 மி.லி. புட்டியில் 20 கிராம் இருக்கும், ஆகவே இரண்டரைப் புட்டி. தளர்ந்த இதயத்துக்கு அந்த ஆல்புமினே சுமை. வேகமாக ஏற்றினால் வயிறு வற்றிய அன்றிரவே நுரையீரல் நிறையும். அதனால் இரண்டு நோயும் உள்ளவருக்கு ஒரே மூச்சில் முழுவதையும் வடிப்பதை விட 3 அல்லது 4 லிட்டராகப் பிரித்து வடிப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஈரலுக்குள் குழாய் பதித்து அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சையைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டுச் சிலர் கேட்பார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அது கூடாது. ஈரலைச் சுற்றிவந்த இரத்தம் முழுவதும் ஒரேயடியாக இதயத்தின் மேல் விழும்.

படி 7: பிரேக் போட வேண்டிய அடையாளங்கள்

சோடியம் 125-க்குக் கீழே, கிரியாட்டினின் வேகமாக ஏறுவது, எழுந்து நின்றால் தலை சுற்றல், கெண்டைக்கால் பிடித்து இழுத்து இரவில் தூங்கவிடாதது, குழப்பம். இவற்றில் எது வந்தாலும் நீர் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குழப்பத்துக்கு வீட்டில் ஒரு சோதனை: இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரலை விரித்து வைக்கச் சொல்லுங்கள். பறவை சிறகடிப்பது போல் கை விட்டுவிட்டு விழுந்தால் ஈரல் கழிவு ஏறியிருக்கிறது. இதற்கு முதல் காரணம் பல வீடுகளில் மலச்சிக்கல். மலமிளக்கியான லேக்டுலோஸ் 15 முதல் 30 மி.லி. நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொடுத்து, இளக்கமாக 2 அல்லது 3 தடவை போகிறதா என்று பார்ப்பார்கள். ஆறு தடவை தண்ணீராகப் போனால் அது வெற்றி அல்ல. அந்த வயிற்றோட்டமே உடலை வற்றவைத்து மறுபடி குழப்பத்தைக் கொண்டுவரும்.

படி 8: மற்ற மருந்துகள்

மூட்டு வலிக்கு ஊர்க் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம் இரண்டையும் வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். உப்பைத் தேக்கும், நீர் மாத்திரையை முடக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரைப்பையில் இரத்தம் கசிய வைக்கும். வலிக்குப் பனடோல்தான், அதுவும் 500 மி.கி. மாத்திரை நாளுக்கு 4-க்கு மேல் வேண்டாம். தண்ணீரில் போட்டால் பொங்கும் வகையில் சோடியம் நிறைய. வயிறு உப்பிசம் என்று கலக்கிக் குடிக்கும் ஈனோவிலும் அப்படித்தான்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ஈரல் வீங்கும்போது ஐஎன்ஆர் தானாக ஏறும், நீர் இறங்கியதும் தானாக இறங்கும். வார்டிலிருந்து வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள் மறுபடி பாருங்கள். இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்துகளில் கார்வெடிலோல் ஈரலில்தான் கரைகிறது, ஈரல் மோசமானவருக்கு ஆகாது. பிசோப்ரோலோல் பாதி சிறுநீரகத்தில் கழிகிறது என்பதால் கொஞ்சம் தோது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பெரின்டோப்ரில் போன்றவை இதயத்துக்கு அமிர்தம், ஆனால் ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவருக்குச் சிறுநீரகத்தைப் படுக்க வைக்கும். இங்கேயும் படி 1-ன் கேள்விதான் விடை தரும்.

நாட்டு மருந்து பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அதிமதுரம் சேர்ந்த கஷாயமும் லேகியமும் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை இறக்கும். முகவரி இல்லாத ஜாமு பொட்டலங்களில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. அது இதயம் தேக்கிய நீரை இறக்காது.

படி 9: சமையலறை

நாளுக்கு 5 கிராம் உப்பு, மட்டமாக ஒரு தேக்கரண்டி. மொத்தச் சாப்பாட்டிலும் சேர்த்து. ஒரு பாக்கெட் மீயும் (உடனடி நூடுல்ஸ்) அதன் தூளும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கெரோப்போக், பிளாச்சான் சம்பால், டின் சார்டின், உப்பு முட்டை எல்லாம் ஒரே பட்டியல். கிச்சாப் என்னும் சோயா சாஸை "உப்பு இல்லை, இனிப்புதானே" என்று ஊற்றுவார்கள், அதுவும் உப்புதான். அஜினோமோட்டோவிலும் சோடியம் இருக்கிறது. சுவைக்கு எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, செராய் (எலுமிச்சைப் புல்). மருந்தகத்தில் விற்கும் 'உப்புக்கு மாற்று' பொட்டாசியம் உப்பு. ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு அது விஷத்துக்குச் சமம். பொட்டாசியம் ஏறியவருக்கு இளநீரும் அளவோடுதான். சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் பிளிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தைத் தொடவே வேண்டாம்.

பத்தியம் என்று கஞ்சியும் ரசமுமாக வைத்திருப்பது இந்த நோயாளிக்குச் செய்யும் பெரிய தீங்கு. ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்றால் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டை, மீன், கோழி, பருப்பு, தௌஃபூ, தெம்பே. சுருங்கிய ஈரலால் இரவுக்கான சர்க்கரையைச் சேமிக்க முடியாது, உடல் சதையை உடைத்துத் தின்னும். படுக்கும் முன் ஒரு சிற்றுண்டி அதனால்தான். வேகாத கெராங் சிப்பி ஈரல் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. அதில் வரும் கிருமி ஒரே நாளில் இரத்தத்தில் பரவிவிடும்.

தண்ணீரை இதய நோயாளிக்கு 1.5 முதல் 2 லிட்டராக வரையறுப்பார்கள். வெறும் ஈரல் சுருக்கத்தில் சோடியம் 125-க்குக் கீழே போனால்தான் அந்தக் கட்டுப்பாடு. அளக்க எளிய வழி: காலையில் 1.5 லிட்டர் போத்தலை நிரப்புங்கள். தே ஓ, கோப்பி, ரசம் எது குடித்தாலும் அதே அளவைப் போத்தலிலிருந்து கீழே ஊற்றுங்கள். போத்தல் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

கள்ளு, சம்சு, பீர் மூன்றும் சுத்தமாக நிற்க வேண்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர்களுக்குத் தயமின் என்ற பி1 கேட்டு வாங்குங்கள். அதன் குறைவே இதயத்தைத் தளர்த்திக் காலை வீங்க வைக்கும், கொடுத்தால் வியக்கும்படி தேறும்.

படி 10: வீடு திரும்பிய பிறகு

ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றி ஒரு நாளாவது வார்டில் பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது. ஒரு வாரத்தில் இரத்தப் பரிசோதனை, இரண்டு வாரத்துக்குள் மருத்துவர். இரண்டாவது வேளை மாத்திரையை மதியம் 2 மணியோடு முடியுங்கள், இரவுத் தூக்கம் கெடாது. கிளினிக் நாளில் பஸ்ஸில் கழிப்பறை இல்லையே என்று பலர் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம், வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்கள் மருந்து நேரத்தை முன்கூட்டியே பேசி மாற்றிக்கொள்ளலாம். வெயிலில் நடைப்பயணம், காவடி, ஒரு வேளைச் சாப்பாடு மூன்றும் சேர்ந்தால் நீர் மாத்திரை ஆளைக் கீழே தள்ளிவிடும்.

3 நாளில் 2 கிலோ கூடினால் அன்றே கூப்பிடுங்கள். வாந்தி, வயிற்றோட்டம், சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், பெரின்டோப்ரில், டாபாகிளிஃப்ளோசின் வகை (சர்க்கரை நோய்க்கும் இதயத்துக்கும் தரும் மாத்திரை) நான்கையும் நிறுத்திவைப்பது பற்றி உடனே கேளுங்கள். இந்த அனுமதியை முன்பே மருத்துவரிடம் வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருப்பது உத்தமம்.

எல்லாம் ஒழுங்காக இருந்தும் நீர் திரும்ப ஏறினால் வரிசையாகத் தேடுங்கள்: உப்பு, வலி மாத்திரை, விட்டுப்போன வேளை. பிறகு புதிதாகத் தாறுமாறான நாடித் துடிப்பு, சத்தமில்லாத மாரடைப்பு, கிருமித் தொற்று. ஈரல் சுருங்கியவருக்கு ஈரல் புற்றையும் சேர்த்து நினைக்க வேண்டும்; அதற்காகத்தான் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ஈப்போவுக்கு அனுப்பும் கடிதத்தில் இவை இருக்கட்டும்: வறண்ட எடை, கடைசி மூன்று பொட்டாசியம், கிரியாட்டினின் எண்கள், எந்த ஊசி அளவுக்கு எவ்வளவு சிறுநீர் வந்தது, வயிற்று நீரின் புரதம், எக்கோ தேதி. நோட்டையும் மருந்துப் பையையும் நோயாளி கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.